சுவரைப் பார்த்துச் சொன்னவை

மருத்துவர் வாயைத் திறப்பதற்கு முன்பே, மொழிபெயர்க்க வந்த அந்த அம்மாள் நாற்காலியை நகர்த்திவிடுவார். மருத்துவருக்கும் நோயாளிக்கும் நடுவில், இருவரையும்விடச் சற்றுப் பின்தள்ளி, இடது தோள் சுவரில் உரசும்படி. கைப்பையை மடியில் வைத்து, அதன் மேல் இரண்டு கைகளையும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்வார். பிறகு ஒருமுறை செருமுவார். அந்தச் செருமலை மட்டும் மொழிபெயர்ப்பதில்லை. அதற்குப் பிறகு அந்த அறையில் எழும் எந்தச் சத்தமும் அவரிடமிருந்து தப்பாது.

ஆங்கிலம் பேசும் மருத்துவர்களுக்கு ஒரு வாக்கியத்தை நேராகக் கொண்டுபோய்ச் சேர்க்க மனம் வருவதில்லை. பாதி வழியில் இறங்கி, வேறு ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டு, மறுபடி ஏறிக்கொள்வார்கள். எழுத்தில் என்றால் அடைப்புக்குறி போட்டுவிடலாம். பேச்சில் எங்கே போடுவது? அந்த அம்மாள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். நோயாளியை நேராகப் பார்த்து, "ஸ்கேன் ரிசல்ட்டைப் பாத்தேன்" என்பார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, குரலைத் தாழ்த்தி, கடகடவென்று, "போன தடவைக்கு இப்ப உங்க முகம் எவ்வளவோ தெளிவா இருக்கு, அதைச் சொல்லியே ஆகணும்" என்பார். மறுபடி நேரே திரும்பி, "கட்டி கொஞ்சம் பெருசாயிருக்கு" என்று முடிப்பார். சுவரில் கைகழுவும் முறையை விளக்கும் படம் ஒன்று ஒட்டியிருந்தது. அடைப்புக்குறிக்குள் இருப்பதெல்லாம் முதலில் அந்தப் படத்திலிருந்த சோப்புக் கைகளுக்குத்தான் போய்ச் சேரும்.

அவருக்குப் 'பக்கவாட்டம்மா' என்று பெயர் வைத்தது என் அப்பா. அப்பாவின் கடைசி மாதங்களில் நாங்கள் அந்த அறைக்கு அடிக்கடி போக வேண்டியிருந்தது. பெயர் காத்திருப்போர் கூடத்தில் பரவி, கடைசியில் வரவேற்பு மேசைப் பெண்ணும் தன்னையறியாமல் சொல்லுமளவுக்கு ஆயிற்று.

எனக்கு ஆங்கிலம் தெரியும். கல்லூரியில் படித்ததே அதைத்தான். ஆனால் நோயாளிக்கு அவர் வீட்டார் மொழிபெயர்க்கக் கூடாது என்பது மருத்துவமனையின் விதி. சொந்தக்காரர்கள் தண்ணீர் கலந்துவிடுவார்கள் என்ற பயம். ஆகவே அப்பாவின் ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு மொழிகளையும் கேட்டபடி, வாயை மூடிக்கொண்டு மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன்.

வாயை மூடக் கற்றுக்கொண்டது முதல் நாளிலேயே. மருத்துவர் பேசிக்கொண்டிருக்கும்போது அப்பா அவருடைய ரத்த அழுத்தக் கருவியைக் கையில் எடுத்துத் திருகிப் பார்த்தார். "சும்மா இருங்கப்பா, மானத்தை வாங்காதீங்க" என்று காதோடு கிசுகிசுத்தேன். அடுத்த நொடி, தெளிவான ஆங்கிலத்தில், என் கோபம் உட்பட, அது மருத்துவருக்குப் போய்ச் சேர்ந்தது. மருத்துவர் என்னைப் பார்த்து, "பரவாயில்லை, என் அப்பாவும் இப்படித்தான்" என்றார். அது தமிழாகி அப்பாவுக்குப் போனது. "பாத்தியா" என்றார் அப்பா. அதுவும் ஆங்கிலமாயிற்று. அப்பாவும் மகளும் ரகசியமாகச் சண்டை போட முடியாத ஒரே அறை உலகத்தில் அதுவாகத்தான் இருக்கும்.

எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், பேசியவர் 'நான்' என்றால் தானும் 'நான்' என்றே தன்மையில் சொல்ல வேண்டும், சொந்தமாக ஒரு சொல்லும் சேர்க்கக் கூடாது. இவை அவருடைய விதிகள். ஒருநாள் மருத்துவருக்குக் கைபேசி அழைப்பு வந்தது. அவர் பேசியதை அந்த அம்மாள் அப்படியே அப்பாவுக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். "ஆமா, பூனைக்கு ஊசி போட்டாச்சு. இல்ல, சாப்பிடல. சோஃபாவுக்கு அடியில போய் உக்காந்துக்கிச்சு." அதற்கப்புறம் ஒவ்வொரு முறையும் அப்பாவின் முதல் கேள்வி, "பூனை எப்படி இருக்கு டாக்டரம்மா?" என்பதுதான். அது தனக்கு எப்படித் தெரியும் என்பதை மருத்துவரிடம் அவர் சொன்னதில்லை. மருத்துவரும் கேட்கப் பயந்தது போலிருந்தது.

இன்னொரு நாள் அப்பா அந்த அம்மாளைப் பார்த்து, "உங்களுக்கு எந்த ஊரும்மா?" என்று கேட்டார். அவர் மருத்துவர் பக்கம் திரும்பி, "உங்களுக்கு எந்த ஊர்?" என்றார் ஆங்கிலத்தில். மருத்துவர் மகிழ்ந்துபோய், கடலோரத்தில் ஒரு சின்ன ஊரில் பிறந்ததையும், அங்கே காற்று பலமாக வீசும் என்பதையும் விவரித்தார். அந்த அம்மாள் அப்பாவிடம், "நான் கடலோரத்துல பொறந்தவ. காத்து பிச்சுக்கிட்டுப் போகும்" என்றார். அப்பாவுக்குக் கடைசிவரை எந்த அம்மாளுக்குக் கடலோரம் என்று பிடிபடவில்லை.

அறைக்கு வெளியே அவர் எங்களோடு பேச மாட்டார். கூடத்தின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆனால் பேருந்து நிறுத்தம் மருத்துவமனையின் எல்லைக்கு வெளியே இருந்தது. அப்பாவை உள்ளே ஊசிக்கு விட்டுவிட்டு நான் காற்று வாங்க அங்கே வந்து நிற்கும்போது சில நாள் அகப்படுவார். நிழற்குடைக்குள் ஆள் வேறு மாதிரி. ஃபிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் குடிப்பார். கணவரோடு கைபேசியில் வாயாடுவார். அங்கேயும் அந்தப் பழக்கம் போகவில்லை. "வரும்போது பால் வாங்கிட்டு வாங்க" என்பார். நிழற்குடையின் கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பி, அதில் ஒட்டியிருந்த சட்டை விளம்பர இளைஞனிடம், "மறந்துடுவீங்கன்னு தெரியும், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்" என்பார். நேரே திரும்பி, "ரெண்டு பாக்கெட்" என்பார்.

பூசி மெழுகிய ஆங்கிலச் சொற்களை எப்படிச் சமாளிக்கிறார் என்று ஒருமுறை கேட்டேன். வலிக்கும் என்பதை அவர்கள் 'அசௌகரியம்' என்பார்கள். மருந்து வேலை செய்யவில்லை என்பதை, 'நாங்கள் எதிர்பார்த்த உற்சாகத்தோடு உடம்பு பதில் சொல்லவில்லை' என்பார்கள்.

"துணி போட்டு மூடிக் குடுத்தா, துணி போட்டுத்தான் நானும் குடுப்பேன்" என்றார். "நம்ம துணியா மாத்திக் குடுப்பேன், அவ்வளவுதான். அவுத்துக் காட்டறது என் வேலை இல்ல. அசௌகரியம்னா, 'கொஞ்சம் ஒரு மாதிரியா இருக்கும்'."

"எங்கப்பா, 'ஒரு மாதிரின்னா எந்த மாதிரி'ன்னு கேட்டாரே?"

"கேட்டார். டாக்டர்கிட்ட அதையும் கேட்டேன். 'ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு மாதிரி'ன்னாங்க. அதையும் சொன்னேன். என்கிட்ட என்ன குறை?"

குறை எதுவும் சொல்ல முடியாது. பேருந்து வந்ததும் ஏறிப் போய்விட்டார்.

அப்பாவின் கவலை வேறாக இருந்தது. அவருடைய பல்செட் வாஷ்பேசினில் நழுவி விழுந்து இரண்டாகப் பிளந்துவிட்டிருந்தது. புதிதாகச் செய்ய வேண்டுமானால் வாய்க்குள் மாவு மாதிரி ஒன்றை அப்பி அச்சு எடுக்க வேண்டும். அப்பாவுக்கு அது குமட்டும். பிறகு அளவு பார்க்க ஒருமுறை, தேய்த்துச் சரிசெய்ய ஒருமுறை என்று இழுக்கும். ஈறு பழகுவதற்குள் புண்ணாகும். அவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கணக்கு அவருக்குச் சுலபமாக இருந்தது. "இன்னும் கொஞ்ச காலம் ஓடற வண்டின்னா புது டயர் மாட்டலாம். ஓடாதுன்னா எதுக்கு இந்த அவஸ்தை? அந்த ஒண்ணைத் தெரிஞ்சுக்கிட்டாப் போதும்." பல் செய்யச் சொல்லலாமா, வேண்டாமா? மருத்துவரிடம் அவர் தெரிந்துகொள்ள விரும்பியது அது ஒன்றைத்தான்.

தெரிந்துவிட்டதாகவும் நம்பினார். அங்கேதான் கோளாறு.

ஒருநாள் வீட்டுக்கு வந்ததும் விளக்கினார். "நேராப் பாத்துச் சொல்றாங்களே, அது ஆஸ்பத்திரிக்காகச் சொல்றது. அப்படித்தான் சொல்லணும்னு சட்டம் இருக்கும். திரும்பிக்கிட்டு மெதுவா சொல்றாங்க பாரு, அதுதான் நமக்காக. அந்த டாக்டரம்மாவுக்குத் தெரியாம நம்ம பக்கவாட்டம்மா நமக்கு விஷயத்தைக் கடத்துது."

"அப்பா, அது அடைப்புக்குறி. டாக்டர் நடுவுல சொல்றதைத்தான் அவங்க அப்படிச் சொல்றாங்க."

"உனக்கு ஆஸ்பத்திரி அரசியல் தெரியாதும்மா. அடைப்புக்குறிக்கு எதுக்குக் குரலைத் தாழ்த்தணும்?"

இப்படி நம்பியவர் அவர் ஒருவர் மட்டுமல்ல. கூடத்தில் எங்கள் பக்கத்தில் உட்காரும் சமையல்காரர் ஒருவர் இருந்தார். அவருக்குச் சுவர்ப்பக்கம் சொல்லப்பட்டது, 'எல்லாம் நல்லபடியாப் போனா' என்பது. முன்னால் பின்னால் வந்த எதையும் அவர் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. "எல்லாம் நல்லபடியாப் போகுதாம்" என்று அக்கம்பக்கத்தில் இனிப்பு கொடுத்துவிட்டார். அப்பாவிடம் இதுவரை சுவர்வழியாக வந்து சேர்ந்தவை: முகம் தெளிவாக இருக்கிறது. இந்த வயதுக்கு இதயம் பிரமாதம். நீங்கள் ஒரு வீரர். ஆக, அச்சு எடுக்கப் பல் மருத்துவரிடம் நாள் கேட்கச் சொல்லி என்னை விரட்டிக்கொண்டிருந்தார்.

"டாக்டர் கொஞ்சம் கவலைப்படறாங்கப்பா" என்றேன். அதற்குமேல் எனக்கு வரவில்லை. மருத்துவமனை விதி சரியான விதிதான்.

அடுத்த முறை பேருந்து நிறுத்தத்தில் அந்த அம்மாளைப் பார்த்தபோது இதைச் சொன்னேன். வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தேன். கடத்தல் என்ற சொல்லுக்குச் சிரித்தார். சமையல்காரரின் இனிப்புக்கு வந்தபோது ஃபிளாஸ்க் மூடியைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது.

"சுவத்துப் பக்கம் சொல்றதை மட்டுமா எடுத்துக்கறாங்க?"

"அதை மட்டும்தான்."

"எல்லாருமா?"

"எனக்குத் தெரிஞ்சு கூடத்துல எல்லாரும்."

அவர் விரல்விட்டு யாரையோ எண்ணத் தொடங்கினார். கொத்தனார், தையல்காரம்மா, அந்த இரட்டைப் பிள்ளைகளின் தாத்தா என்று உதடு அசைந்தது. அடுத்த கைக்குப் போகாமல் நிறுத்திவிட்டார். பேருந்து வந்து, கதவைத் திறந்து, காத்திருந்து, போய்விட்டது.

"தெளிவா இருக்கட்டும்னுதானே திரும்பினேன்" என்றார். சட்டை விளம்பர இளைஞனிடமல்ல, என்னிடம்.

அதற்கடுத்த சந்திப்புதான் அப்பாவுக்குக் கடைசியானது. அந்த அம்மாள் வந்தார், நாற்காலியை நகர்த்தினார், செருமினார். அப்பா பூனையை விசாரித்தார். பூனை நலம். மருத்துவர் திரையைப் பார்த்துக்கொண்டு, இந்தக் கட்டத்தில் பயணத்தின் திசையை மாற்றிப் பார்க்கலாம் என்று நினைப்பதாகச் சொன்னார். அது தமிழாயிற்று.

"ரூட்டை மாத்தணும்னா டிப்போவுல எழுதிக் குடுக்கணும்" என்றார் அப்பா. "எந்த ஊருக்குப் போற ரூட்டு, அதைக் கேளும்மா."

மருத்துவருக்கு டிப்போ போய்ச் சேர்ந்தது. அவர் சற்றுத் தடுமாறி, இனிமேல் உங்களை வசதியாக வைத்துக்கொள்வதுதான் முக்கியம் என்றார்.

"வசதிக்கு என்ன கொறச்சல்? மெத்தை இருக்கு. ஜன்னல்ல காத்து வருது. பொண்ணு வேளாவேளைக்குக் கஞ்சி ஊத்துறா. பல்லுதான் இல்ல. பல்லு செய்யச் சொல்லலாமா, வேண்டாமா?"

மருத்துவர் நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்தார். காலக்கெடு எதையும் இப்போது பேச வேண்டாம் என்றும், நடுவில் இறங்கி, அது உங்கள் மனதுக்குச் சந்தோஷம் தருமென்றால் தாராளமாகச் செய்துகொள்ளுங்கள் என்றும், மறுபடி ஏறி, நாம் ஒவ்வொரு நாளாகப் பார்த்துக்கொள்வோம் என்றும் சொன்னார்.

அந்த அம்மாளின் முகம் பழக்கதோஷத்தில் பாதி திரும்பிவிட்டது. அப்பா உடனே காதைக் கொடுத்துக் குனிந்தார். சோப்புக் கைகளுக்கும் அப்பாவுக்கும் நடுவில் அவர் முகம் அப்படியே நின்றது. பிறகு அவர் மருத்துவர் பக்கம் திரும்பி, நான் அதுவரை கேட்டிராத ஒரு வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொன்னார். "மொழிபெயர்ப்பாளர் பேசுகிறேன்."

சந்தேகம் கேட்க மட்டும் அப்படிப் பேச அவர்களுக்கு அனுமதி உண்டு என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். "வாக்கியத்துக்கு நடுவில் நீங்கள் செருகுவதை நான் இந்தப் பக்கம் திரும்பிச் சொல்வது வழக்கம். நோயாளி அதை மட்டுமே பதிலாக எடுத்துக்கொள்கிறார். செருகல் இல்லாமல் சொல்ல முடியுமா?"

"எந்தப் பக்கம்?" என்றார் மருத்துவர்.

அந்த அம்மாள் கைகழுவும் படத்தைச் சுட்டிக்காட்டினார். பிறகு, அறையில் பேசப்படும் எதுவும் மறைக்கப்படக் கூடாதென்பது விதியாகையால், தான் சொன்னதையும், மருத்துவர் கேட்டதையும், தான் சுட்டிக்காட்டியதையும் தமிழில் அப்பாவுக்குச் சொன்னார்.

"அப்ப அந்தப் பக்கம் சொன்னது ரகசியம் இல்லையா?" என்றார் அப்பா.

அது ஆங்கிலமாயிற்று. "என்ன ரகசியம்?" என்றார் மருத்துவர். அது தமிழாயிற்று. "டாக்டரம்மாவுக்குத் தெரியாம நீங்க சொன்னதுதான்" என்றார் அப்பா. அதுவும் ஆங்கிலமாகி மருத்துவருக்கே போனது. அதற்குமேல் மொழிபெயர்க்க எதுவுமில்லாமல் அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார்.

மருத்துவர் விசைப்பலகையைத் தள்ளி வைத்தார். "ஒருவேளை" என்று ஆரம்பித்து நிறுத்தினார். "இதைச் சொல்லும்போது" என்று ஆரம்பித்து அதையும் நிறுத்தினார். பிறகு இரண்டே சின்ன வாக்கியங்கள். நடுவில் எங்கும் இறங்கவில்லை.

தமிழில் இதற்குத் துணிக்குப் பஞ்சமில்லை. தவறுவது, காலமாவது, கண்ணை மூடுவது, போய்ச்சேர்வது என்று ஒரு கடையே இருக்கிறது. அப்பாவுக்குப் பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு கஜம் எடுத்துப் போர்த்திவிட்டுப் போனார்கள். அந்த அம்மாள் கடைக்குப் போகவில்லை. அப்பாவை நேராகப் பார்த்தார். வழக்கமான குரலில், மருத்துவராகவே சொன்னார்.

"நீங்க சாகப்போறீங்க. மாசக்கணக்கு இல்ல, வாரக்கணக்கு."

அப்பா முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். என்னைப் பார்த்தார். நான் ஸ்வெட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதைச் சொல்றதுக்கா இத்தனை நாள் சுத்தி வளைச்சீங்க?" என்றார் கடைசியில். "வண்டி ஓடாதுன்னா ஓடாதுன்னு சொல்லணும். ஹார்ன் பிரமாதமா அடிக்குதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தா நான் என்னத்தைக் கண்டேன்?"

மருத்துவர் மன்னிப்புக் கேட்டார். அப்பா அதைக் கையால் தள்ளிவிட்டார். யோசித்தார்.

"அப்ப பல்லு சீக்கிரமா வேணும்" என்றார்.

மருத்துவர் அந்த அம்மாளைப் பார்த்தார். வேண்டாம் என்றுதானே சொல்லியிருப்பார் என்பது போன்ற பார்வை.

"வேணுமா? ஏம்ப்பா?" என்றேன் நான். அதுவும் ஆங்கிலமாயிற்று.

"இனிமே நான் சுவத்துல படமாத் தொங்கப்போறவன். பழைய போட்டோ எல்லாத்துலயும் முறைச்சுக்கிட்டு நிக்கறேன். சிரிச்ச மாதிரி ஒண்ணு எடுக்கணும். எத்தனை வருஷம் தொங்கணுமோ, பொக்கை வாயோட எப்படித் தொங்கறது?"

அந்த அம்மாள் அதையும் தன்மையில்தான் சொன்னார். கைப்பை மேல் கைகளை அடுக்கி, முகத்தில் ஒரு சுருக்கமுமின்றி, தான் சுவரில் தொங்கப்போவதாகவும், பொக்கை வாயோடு தொங்க இஷ்டமில்லை என்றும் நல்ல ஆங்கிலத்தில் மருத்துவருக்குத் தெரிவித்தார். மருத்துவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த பிறகு அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏம்மா," என்று அப்பா அந்த அம்மாள் பக்கம் சாய்ந்தார். "வாய் புண்ணாகாம, சட்டுனு பல்லு செஞ்சு குடுக்கற நல்ல ஆளா யாராவது உங்களுக்குத் தெரியுமா?"

அவர் மருத்துவரிடம் திரும்பி, நல்ல பல் செய்யும் ஆள் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். மருத்துவர், வருத்தத்துடன், பற்கள் தன்னுடைய துறைக்குள் வருவதில்லை என்றார். அது தமிழாயிற்று. மருத்துவர் மருந்துச் சீட்டை எடுக்க எழுந்து, எங்களுக்கு முதுகைக் காட்டி, மூலையிலிருந்த அச்சு இயந்திரத்திடம் போனார்.

அந்த அம்மாள் அந்த முதுகை ஒரு கணம் பார்த்தார். அப்பாவின் முகத்துக்கு நேரே குனிந்தார். ஒரு சொல்லும் பேசவில்லை. நாக்கால் உள்ளிருந்து உந்தினார். மேல்வரிசைப் பற்கள் மொத்தமும், இளஞ்சிவப்பு ஈறோடு சேர்ந்து, உதட்டைத் தாண்டி வெளியே வந்தன. அப்பா கண்ணைச் சுருக்கி, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து, புது வண்டியின் அடிப்பாகத்தைப் பார்ப்பதுபோல வேலைப்பாட்டைப் பார்த்தார். அவர் பார்த்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே, சாலைக்கு எதிர்ப்பக்கம், பல் படம் போட்ட பலகை தெரிந்த கட்டடத்தின் இரண்டாம் மாடியைக் கட்டைவிரலால் காட்டி, அந்த அம்மாள் பற்களை உள்ளே இழுத்து, 'டக்' என்று பொருத்திக்கொண்டார்.